4,22,000 பேர், 42 மில்லிமீட்டர்

தகவல் வடிவமைப்பு கற்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே காட்டப்படும் படம் ஒன்று உண்டு. 1812-இல் நெப்போலியனின் படை ரஷ்யாவுக்குள் போனதையும் உருக்குலைந்து திரும்பியதையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம் அது. வரைந்தவர் ஷார்ல் ஜோசப் மினார். பாலம், சாலை, கால்வாய் என்று வாழ்நாளைச் செலவிட்ட பிரெஞ்சுப் பொறியாளர். 1851-இல், 70 வயதில் ஓய்வு பெற்றவர். இந்தப் படத்தை அவர் வெளியிட்டது 1869 நவம்பர் 20-ஆம் தேதி. அப்போது அவருக்கு வயது 88. மறு ஆண்டே இறந்துபோனார்.

இந்தப் படத்தைப் பார்த்து ஊக்கம் பெற்றதாகச் சொல்லும் டிசைனர்கள் பெரும்பாலும் அதன் தோற்றத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இடது ஓரத்தில் அகலமாகக் கிளம்பும் பட்டை, மாஸ்கோவில் குறுகித் திரும்பி, நூல் போல மெலிந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது யாருடைய கண்ணையும் இழுக்கும். ஆனால் அந்தத் தோற்றம் சில முடிவுகளின் விளைவு. முடிவுகளை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் எடுத்துப் போனால், அடுத்த படத்தில் அது உட்காராது. ஆகவே முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு அளவுகோல். படத்தின் தலைப்புக்குக் கீழேயே மினார் எழுதிவிட்டார்: பட்டையின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 10,000 பேர். ரஷ்ய எல்லையில் இருந்த நீமன் ஆற்றைக் கடந்தவர்கள் 4,22,000 பேர். எனவே பட்டை 42 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். திரும்பி வந்து அதே ஆற்றைத் தொட்டவர்கள் 10,000 பேர். அங்கே பட்டை ஒரே மில்லிமீட்டர். ஒரு ஸ்கேலை வைத்து எந்த இடத்திலும் அளந்து பார்க்கலாம். அதோடு அவர் நிற்கவில்லை. பட்டைக்குக் குறுக்கே ஆங்காங்கே எண்களையும் எழுதிவைத்தார். அகலத்தைப் பார்த்து உணரலாம், எண்ணைப் படித்து உறுதி செய்துகொள்ளலாம். உள்ளே போகிறவர்களுக்குச் சிவப்பு, வெளியே வருகிறவர்களுக்குக் கறுப்பு. இன்று நாம் பார்க்கும் பிரதிகளில் அந்தச் சிவப்பு வெளிறி மணல் நிறமாகத் தெரிகிறது.

இரண்டாவது முடிவு, எதையெல்லாம் விட்டுவிடுவது என்பது. நாட்டு எல்லைகள் இல்லை. போர்களைக் குறிக்கும் வாள் படங்கள் இல்லை. ஆறுகள் சில, ஊர்ப் பெயர்கள் சில, அவ்வளவுதான். படைப்பிரிவுகள் போன பாதையையும் அவர் எளிமைப்படுத்தினார். இளவரசர் ஜெரோமின் படையும் தளபதி தாவூவின் படையும் மின்ஸ்க், மொகிலேவ் பக்கம் தனியாகப் போய், ஓர்ஷா, வித்தேப்ஸ்க் அருகே வந்து சேர்ந்துகொண்டவை. மினார் அவற்றை முதலிலிருந்தே முக்கியப் படையோடு நடந்ததாக வைத்துக்கொண்டார். முக்கியமானது இதுதான்: அப்படி வைத்துக்கொண்டதை அவர் தாளிலேயே எழுதியிருக்கிறார். எளிமைப்படுத்தாத தகவல் படம் கிடையாது. எளிமைப்படுத்தியதைச் சொல்கிற படங்கள்தான் குறைவு.

மூன்றாவது முடிவு படத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. திரும்பும் பாதைக்குக் கீழே ஒரு வெப்பநிலைக் கோடு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது. அக்டோபர் 18-இல் சுழியம். நவம்பர் 28-இல் கழித்தல் 20. டிசம்பர் 6-இல் கழித்தல் 30. கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய செங்குத்துக் கோடு மேலே போய்க் கறுப்புப் பட்டையைத் தொடுகிறது. பெரெசினா ஆற்றருகே 50,000 பேர் 28,000 ஆகும் இடத்தையும் அன்றைய குளிரையும் கண் ஒரே செங்குத்தில் சேர்த்துப் பார்த்துவிடும். இந்த அளவுகள் ரேமூர் டிகிரியில் உள்ளவை. அதில் நீர் உறைவது 0, கொதிப்பது 80. கழித்தல் 30 ரேமூர் என்றால் கழித்தல் 37.5 செல்சியஸ். மறுவரைவு செய்யும்போது எண்ணை அப்படியே எடுத்தெழுதிச் செல்சியஸ் என்று போட்டால் ஏழரை டிகிரி பிழை.

இப்போது அகலங்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சங்கதி வெளிவரும். புறப்பட்ட 4,22,000 பேரில் 22,000 பேரும் 60,000 பேரும் வடக்கே பிரிந்து போனார்கள். மாஸ்கோ நோக்கிப் போன நடுப்படை 3,40,000. மாஸ்கோவில் அது 1,00,000. ஆக, போகும் வழியிலேயே குறைந்தவர்கள் 2,40,000 பேர். திரும்பும் வழியில் அந்த 1,00,000 பேர் 20,000 ஆனார்கள். வடக்கே பிரிந்து போனவர்களில் 30,000 பேர் அங்கே வந்து சேர, 50,000 ஆகி, பிறகு 4,000 ஆனார்கள். கடைசியில் 6,000 பேர் சேர்ந்து 10,000. திரும்பும்போது குறைந்தவர்கள் மொத்தம் 1,26,000 பேர். குளிர்கால இழப்பைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கோடைக்காலத்திலேயே நடந்துவிட்டது. டைபஸ் காய்ச்சல், பட்டினி, படையைவிட்டு ஓடிப்போனவர்கள், வழியில் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள், போரோதினோ போர் என்று அதற்குப் பல காரணங்கள்.

ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவரைக் கேட்டால், ‘ரஷ்யாவின் குளிர் படையைக் கொன்றுவிட்டது’ என்றுதான் சொல்வார். எண்கள் பொய் சொல்லவில்லை, அகலங்களும் சரி. காரணத்தைக் காட்டும் கோடு திரும்பும் பாதைக்கு மட்டும் இருக்கிறது. போகும் பாதைக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண் காரணத்தைத் தேடும்போது கிடைப்பதைப் பிடித்துக்கொள்ளும். உலகத்தின் மிகச் சிறந்த தகவல் படம் என்று பலர் கொண்டாடும் படத்திலேயே இப்படி என்றால், நாம் ஒரு படத்தில் இரண்டாவது அச்சு ஒன்றைச் சேர்க்கும்போது எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! மழை அளவுக் கோட்டை விளைச்சல் வரைபடத்தின் மேல் போட்ட உடனேயே, விளைச்சல் குறைந்தது மழையால்தான் என்று சொல்லியாகிவிட்டது. வாசகர் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

இனி பட்டைகளைக் கையால் வரையும்போது எங்கே தவறு நடக்கிறது என்று பார்ப்போம். இன்று இவ்வகைப் படத்தைச் சாங்கி என்கிறோம். 1898-இல் நீராவி எஞ்சினின் ஆற்றல் எங்கெங்கே போய் வீணாகிறது என்று இப்படி வரைந்த சாங்கி என்பவரின் பெயர் அது. மென்பொருள்கள் தானாக வரைந்து தரும் பல சாங்கிகளில் ஒரு குறை உண்டு. மேல் விளிம்புக்கு ஒரு வளைகோடு, அதையே கீழே நகர்த்திக் கீழ் விளிம்பு, இடையில் நிறம் என்று வரைகின்றன. பட்டை கிடையாகப் போகும்வரை சரி. சாய்ந்தவுடன் அகலம் குறையும், ஏனென்றால் செங்குத்து உயரம்தான் மாறாமல் இருக்கிறது. ஓட்டத்துக்குக் குறுக்கான அகலம் அதில் மாறிவிடும். 45 டிகிரி சாய்வில் அது 71 சதவீதம் ஆகிவிடும், 60 டிகிரியில் சரிபாதி. வழியில் பாதி எண்ணிக்கை காணாமல் போய்த் திரும்பி வந்ததாகத் தோன்றும். இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருள்களில் நிரப்பிய வடிவமாக வரையாமல், நடுக்கோடு ஒன்றை வரைந்து அதன் ஸ்ட்ரோக் (கோட்டின்) தடிமனை அளவாகக் கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது. ஸ்ட்ரோக் எப்போதும் பாதைக்குக் குறுக்காகத்தான் அளக்கப்படும். அதில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. வளைவின் ஆரம் பட்டை அகலத்தில் பாதிக்கும் கீழே போனால் உள்விளிம்பு மடிந்து முடிச்சாகும். நடுக்கோட்டின் ஆரத்தைக் குறைந்தது பட்டை அகலம் அளவுக்காவது வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை.

பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள விகிதத்தையும் வரையும் முன்பே பார்க்க வேண்டும். மினாரின் படத்தில் மிகப் பெரிய அகலம் 42 மில்லிமீட்டர், மிகச் சிறியது 4,000 பேருக்கு 0.4 மில்லிமீட்டர். நூற்றுக்கு ஒன்று. கல்லச்சில் அடித்த பெரிய தாளில் அது நின்றது. 1,080 பிக்சல் அகலப் படத்தில் பெரிய பட்டைக்கு 200 பிக்சல் கொடுத்தால் சிறியதற்கு 2 பிக்சல் வரும். அதே படம் கைபேசியில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும்போது அந்த இரண்டும் மங்கலான நிழலாகிவிடும். விகிதம் ஐம்பதைத் தாண்டினால் பட்டை ஓட்டத்தை விட்டுவிட்டு வேறு வடிவம் தேடுவது நல்லது. அல்லது சிறியவற்றைச் சேர்த்து ‘மற்றவை’ என்று ஒரே பட்டையாக்கலாம்.

மினார் அகலத்துக்காகப் புவியியலையே வளைத்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவுக்குப் போன பருத்தியைப் பற்றி அவர் வரைந்த வரைபடங்கள் 1858, 1864, 1865 ஆண்டுகளைப் பக்கம் பக்கமாக வைக்கின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கிருந்து வரும் பட்டை சுருங்க, இந்தியாவிலிருந்து போகும் பட்டை பருத்துப் பெருக்கிறது. அந்தப் பட்டைகள் நுழைய இடம் போதாமல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே உள்ள கடலையே அவர் அகலமாக்கிவிட்டார். அவருடைய கேள்வி ‘எவ்வளவு, எங்கிருந்து?’ என்பது. கடற்கரையின் துல்லியம் அந்தக் கேள்விக்குத் தேவைப்படவில்லை.

பரப்பை அளவாகப் பயன்படுத்துவது இன்னொரு ஆபத்தான இடம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட, பூவிதழ்கள் போல விரியும் வரைபடத்தை எல்லோரும் பார்த்திருப்போம். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படையினர் எதனால் செத்தார்கள் என்பது மாதத்துக்கு ஓர் இதழாக இருக்கும். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. ஒரே ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம்: 1855 ஜனவரி. படையில் 32,393 பேர். நோயால் இறந்தவர்கள் 2,761, காயத்தால் 83, பிற காரணங்களால் 324. இதை ஆண்டு விகிதமாக்கினால் ஆயிரம் பேருக்கு முறையே 1,022.8, 30.7, 120. ஆயிரத்துக்கு ஆயிரத்தைத் தாண்டி எப்படி என்று முதலில் திகைப்பு வரும். அந்த மாத வேகத்திலேயே சாவு தொடர்ந்தால் ஆண்டு முடிவதற்குள் முழுப் படையும் இல்லாமல் போகும் என்பதுதான் அதன் பொருள்.

இந்த மூன்றையும் பெரிய இதழின் ஆரம் 100 மில்லிமீட்டர் என்று வைத்து வரைவோம். மதிப்பையே ஆரமாக எடுத்தால் 100, 3, 11.7 மில்லிமீட்டர் என்று வரும். ஆனால் கண் பார்ப்பது பரப்பை. 33 மடங்கு வித்தியாசம் அங்கே 1,100 மடங்காகப் பெருகிவிடும். நைட்டிங்கேலும் முதலில் மையத்திலிருந்து நீளத்தை அளவாக வைத்துத்தான் வரைந்தார்; பார்ப்பவர் பரப்பாகப் படித்துவிடுவார் என்று கண்டு, பிழை திருத்தம் சேர்த்து, பிறகு பரப்பே அளவாகும்படி மாற்றினார். அப்படிச் செய்ய மதிப்பை மிகப் பெரிய மதிப்பால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, பெரிய ஆரத்தால் பெருக்க வேண்டும். விடை 100, 17.3, 34.3 மில்லிமீட்டர். எக்செல்லில் குமிழி வரைபடம் போடும்போதும் இதே தேர்வு வரும்: அளவு பரப்பைக் குறிக்கிறதா, அகலத்தைக் குறிக்கிறதா என்று ஒரு பொத்தான் இருக்கும். பரப்பில் வைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவது நல்லது.

இந்தப் படத்தை மறுவரைவு செய்கிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, மூன்று நிறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. மூலப் படத்தில் மூன்றும் தனித்தனியே மையத்திலிருந்து அளக்கப்பட்டவை. ஒன்று இன்னொன்றின் மேல் படிந்து கிடக்கின்றன. அடுக்கினால் வெளியே வரும் நிறத்துக்குச் சும்மாவே பரப்பு கூடும்.

பரப்பைச் சரியாகக் கணக்கிட்டாலும் கண் அதைச் சரியாகப் படிப்பதில்லை. 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் செய்த சோதனைகள் இதை வரிசைப்படுத்தின. ஒரே அச்சில் உள்ள இடம்தான் மிகத் துல்லியமாகப் படிக்கப்படுகிறது. அடுத்து நீளம், பிறகு கோணம், அதற்கும் பின்னால் பரப்பு. அப்படியானால் நைட்டிங்கேல் பார் சார்ட் போட்டிருக்கலாமே? அவருக்கு வேண்டியிருந்தது துல்லியம் மட்டும் அல்ல. அரசாங்கத்தில் உள்ளவர்கள் ஒரு பார்வையில் அதிர வேண்டும். 1855 மார்ச்சில் சுகாதார ஆணையம் வந்ததற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகள் இரண்டு வட்டங்களாக, ஒன்று வீங்கியும் ஒன்று சுருங்கியும் தெரிய வேண்டும். மாதங்கள் சுழல்வதால் வட்டம் பொருந்தியது, நீலம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கியதால் பரப்பின் பிழை கெடுக்கவில்லை. உங்கள் தரவில் இந்த இரண்டும் இல்லையென்றால், உதாரணமாக ஏழு மாவட்டங்களின் கல்விச் செலவை இதழ்களாக வரைந்தால், பூ அழகாக இருக்கும். எந்த மாவட்டம் இரண்டாவது, எது மூன்றாவது என்று யாராலும் சொல்ல முடியாது.

லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தைப் பற்றியும் சுருக்கமாக. ஹாரி பெக் 1931-இல் வரைந்து, 1933-இல் பயணிகள் கைக்கு வந்தது. எல்லாக் கோடுகளும் கிடை, செங்குத்து, 45 டிகிரி. நிலையங்களுக்கு இடையில் ஏறத்தாழச் சம இடைவெளி. கோவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் இடையே சுமார் 260 மீட்டர்தான். வரைபடம் அதைச் சொல்லாது. பூமிக்கு அடியில் இருக்கிறவருக்கு எங்கே மாறுவது என்பதுதான் கேள்வி. அதே பாணியில் 1972-இல் மாஸ்ஸிமோ விக்னெல்லி நியூயார்க்குக்கு வரைந்தது 1979-இல் மாற்றப்பட்டது. நியூயார்க்காருக்குத் தெரு எண்தான் முகவரி. நீண்டு கிடக்கும் சென்ட்ரல் பூங்கா கிட்டத்தட்டச் சதுரமாகத் தெரிந்ததை அவர்கள் பொறுக்கவில்லை. 2025-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த வரைபடம் மறுபடி அங்கே வந்திருக்கிறது. தெருவைக் காட்டக் கைபேசி இருக்கும்போது, சுவரில் உள்ள வரைபடம் பழைய சுமையை இறக்கி வைத்துவிடலாம் அல்லவா.

தமிழில் இவற்றைச் செய்ய உட்காரும்போது வேறு வகைச் சிக்கல்கள் வருகின்றன. பிற மொழி டெம்ப்ளேட்டை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றினால் முதலில் உடைவது லேபிள்தான். ‘வேலைவாய்ப்பின்மை’ என்ற சொல் செங்குத்துப் பாருக்கு அடியில் எப்படியும் நுழையாது. சாய்த்துப் போட்டால் கழுத்து வலிக்கும். எழுத்தைச் சுருக்கினால் புள்ளி மறையும். பாரைக் கிடையாகப் போட்டு, இடப்பக்கம் லேபிளுக்கு மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. இரண்டு வரியாக உடைக்க வேண்டுமானால் பொருள் பிரியும் இடத்தில் உடைக்க வேண்டும்: மேலே ‘வேலை’, கீழே ‘வாய்ப்பின்மை’. மென்பொருள் விருப்பத்துக்கு விட்டால் ‘விண்ணப்பம்’ என்பதன் இரண்டாவது வரி ‘ப்பம்’ என்று தொடங்கும். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது.

எழுத்திடைவெளியைக் கூட்டுவது இன்னொரு வலை. தலைப்பைக் காற்றோட்டமாக்க டிராக்கிங்கை ஏற்றினால், துணைக்கால் தன் எழுத்தை விட்டு விலகிப் போய் ரகரம் போல நிற்கும். ‘கால்’ என்பது ‘கரல்’ ஆகிவிடும். தமிழில் டிராக்கிங்கைச் சுழியத்தில் விட்டுவிடுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வசதியும் நமக்கு இல்லை என்பதால், தலைப்பையும் லேபிளையும் எடையாலும் (எழுத்தின் தடிமன்) அளவாலும் மட்டுமே பிரிக்க முடியும். மூன்று எடை உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். மேலே ‘பீ’யின் சுழியும் கீழே ‘மூ’வின் வாலும் அடுத்த வரியோடு மோதும். அச்சில் 8 பாயின்ட் அளவுக்குக் கீழும், 1,080 பிக்சல் படத்தில் 36 பிக்சலுக்குக் கீழும் போகாதிருப்பது பாதுகாப்பு.

அடோபி மென்பொருள்களில், இந்திய மொழி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற வசதி தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும், அல்லது புள்ளியிட்ட வட்டம் தோன்றும். இன்டிசைனில் அது பத்தி அமைப்பில் இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் விருப்பத்தேர்வுகளுக்குப் போய் இந்திய மொழி வசதியைக் காட்டச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தரும் பழைய கோப்பு யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால் முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றி, ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எண்களும் அப்படியே. மென்பொருள் 0.42 மில்லியன் என்றும் 422,000 என்றும் எழுதிவிடும். நம் வாசகர் லட்சத்திலும் கோடியிலும் நினைப்பவர். விரிதாளில் வட்டார அமைப்பை இந்தியா என்று மாற்றினால் காற்புள்ளிகள் சரியான இடத்தில் விழும். அச்சில் ‘லட்சம்’ என்ற சொல்லை ஒரே ஒரு முறை எழுதிவிட்டு 5, 10, 15 என்று போடலாம். இலங்கை வாசகருக்குப் போகும் படமானால் அங்கே பழகிய மில்லியனை விட்டுவைக்கலாம்.

முடிந்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கிருந்து இன்னொருவருக்கு அனுப்பி, அவர் கைபேசியில் பாருங்கள். சுருக்கத்தில் முதலில் போவது வெளிர்சாம்பல் கோடுகளும் நிறப்பட்டை மேல் போட்ட மெல்லிய எழுத்தும்தான். கைபேசித் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றியும் ஒரு முறை பார்க்க வேண்டும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றைக் கருமையாக்குங்கள், அல்லது பட்டையின் மேலேயே பெயரை எழுதி நிறக்குறிப்புப் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

மினார் எழுதியது போன்ற அளவுகோல் வரியும் படத்தில் இருக்க வேண்டும். ஆனால் திரையில் மில்லிமீட்டருக்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு கைபேசியிலும் படம் வேறு அளவில் தெரியும். அதற்குப் பதில் பட்டையின் ஒரு சிறு துண்டையே அதே நிறத்தில் ஓரமாக வரைந்து, பக்கத்தில் ‘இந்த அகலம் 10,000 பேர்’ என்று எழுதி, படத்தோடு குரூப் செய்துவிடுங்கள். படம் எவ்வளவு சுருங்கினாலும் அந்தத் துண்டும் கூடவே சுருங்கும்.